தனியார் கல்லூரிக்குக் கொட்டும் பணம் வீண்தானா? குமரி மாவட்டப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பதினொரு ஆண்டுகள் தக்கலை, குழித்துறை வட்டாரக் கிளைகளில் கல்விக் கடன் மேசைதான் என் இடம். ஓய்வு பெற்ற பிறகும் மே, ஜூன் மாதங்களில் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் ஒரு பளபளப்பான கல்லூரிக் கையேடும் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள். கேள்விகள் ஆண்டுதோறும் அநேகமாக அவையேதான். அதனால் எழுதிவைத்துவிட்டேன். நான் பேராசிரியர் அல்ல. பணம் எங்கே போயிற்று, திரும்பி வந்ததா என்று பார்த்தவன், அவ்வளவுதான்.

கேள்வி: தனியார் கல்லூரி நல்லதா, அரசுக் கல்லூரி நல்லதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்ல முடியாததற்கு நம் மாவட்டமே காரணம். இங்கே 'தனியார்' என்ற சொல்லே குழப்பும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893 முதல் நடக்கிறது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952. மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி 1964. ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி 1965. இவற்றையெல்லாம் நடத்துவது கிறிஸ்தவ சபைகளும் சங்கங்களும் அறக்கட்டளைகளும்தான், அரசு அல்ல. ஆனால் ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆகவே இவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரி முழுக்க அரசுடையது. அதே கோணத்தில் 2009-இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் நேரடி உறுப்பு. இவற்றுக்கு அப்பால் இருப்பவை, அரசுப் பணம் இல்லாமல் கட்டணத்திலேயே ஓடும் சுயநிதிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். ஊரில் 'பிரைவேட் காலேஜ்' என்று சொல்லும்போது மனதில் வருவது இந்தக் கடைசி வகைதான்.

என் அனுபவத்தில் கல்லூரியின் பெயரைவிட, பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறான் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒரே பட்டம். அடுத்தடுத்த பெஞ்சில் இருக்கும் இரண்டு பேர் கட்டியிருக்கும் தொகை மட்டும் வேறு.

கேள்வி: ஒரே கல்லூரியில் இரண்டு கட்டணம் எப்படி?

கலை அறிவியல் கல்லூரியில் 'எய்டட்' (உதவி பெறும்) வகுப்பு என்றும் 'செல்ஃப் பைனான்ஸ்' (சுயநிதி) வகுப்பு என்றும் சொல்வார்கள். எய்டட் பிரிவில் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். அதே வளாகத்தில் மாடியில் நடக்கும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவில் அதைப் போலப் பல மடங்கு. பட்டம் இரண்டுக்கும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தினுடையதுதான். எந்தப் பிரிவில் படித்தான் என்று பட்டச் சான்றிதழில் போட்டிருக்காது. முழு அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறு தொகைதான்.

ஆகவே விண்ணப்பம் வாங்கும்போதே 'எந்தப் பிரிவுக்கு?' என்று கேளுங்கள். அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில், எந்தப் பிரிவு என்பதைக் கட்டண ரசீது வந்த பிறகே கவனித்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். எய்டட் பட்டியல் இரண்டாம், மூன்றாம் சுற்றில் நகரும். ஒரு வாரம் பொறுக்காமல் செல்ஃப் பைனான்ஸில் பணம் கட்டிவிட்டு, பிறகு எய்டட் அழைப்பு வந்தபோது கையைப் பிசைந்தவர்களும் உண்டு.

கேள்வி: பொறியியலுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்கிறார்கள். "இப்போதே சீட்டைப் பிடித்துவிடுங்கள், அப்புறம் கிடைக்காது" என்கிறார்கள். உண்மையா?

இந்தப் பயம் அப்பாக்களின் காலத்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறப்பதற்கு முன்பு, இன்ஜினியரிங் இடம் என்பது குதிரைக் கொம்பு. அந்த நினைப்பு இன்னும் வீட்டுப் பெரியவர்களை விட்டுப் போகவில்லை. இப்போது நிலைமை தலைகீழ். ஆண்டுதோறும் மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கவுன்சிலிங் முடியும்போது ஆயிரக்கணக்கில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

கவுன்சிலிங் முறை எளிது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200-க்குக் கட்ஆஃப். தனி நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயிற்று. சுயநிதிக் கல்லூரியும் தன் இடங்களில் 65 சதவீதத்தை இந்தக் கவுன்சிலிங்குக்குத் தர வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்றால் 50 சதவீதம். மிச்சம்தான் மேனேஜ்மென்ட் இடம்.

கட்டணத்தைப் பாருங்கள். 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. நீங்கள் சேரும் ஆண்டின் ஆணையைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாசலுக்கும் இடையே உள்ள தூரம் இதில் தெரிகிறது அல்லவா? அங்கீகாரம் பெற்ற பிரிவிலேயே ஆண்டுக்கு 32,000 வித்தியாசம், நான்கு ஆண்டுக்கு 1,28,000. அதுவும் சட்டப்படி வாங்குவது மட்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் வாசலில் நுழைந்தவுடன் அது கையைவிட்டுப் போகிறது.

என்னிடம் ஒருவர் வந்தார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். கட்டை விரல் நகத்தில் பால் காய்ந்து கறுத்திருந்தது. மழை நாள், காகிதங்களையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு மடிப்பு மடித்து வைத்திருந்தார். மகனுக்கு மெக்கானிக்கல் இடம் 'பிடித்து' ஒரு மாதம் ஆகியிருந்தது. முன்பணம் 50,000, மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். ரசீதைக் கேட்டேன். அதில் 'கட்டட வளர்ச்சி நிதி' என்று இருந்தது. கல்விக் கட்டணத்தில் அது கழியாது. பையனின் கட்ஆஃபைக் கேட்டேன். அந்த மதிப்பெண்ணுக்கு, அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், முந்தைய ஆண்டு கவுன்சிலிங்கிலேயே இடம் காலியாக இருந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டு, ரசீதை மறுபடியும் இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதனால்தான் ரசீதில் 'நன்கொடை' என்ற சொல் வருவதில்லை. வேறு பெயர்கள் வருகின்றன.

கேள்வி: கல்விக் கடன் இருக்கிறதே, பிறகு என்ன கவலை?

இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கி கடன் தரும். ஏழரை லட்சம் வரை, பிணைக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் அரசு நிதித் திட்டம் ஒன்று 2015 முதல் இருக்கிறது. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். இதைக் கேட்டவுடன் வட்டியும் ஓடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஓடும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்துக்குப் படிப்பும் கல்லூரியும் தகுதி பெற்றிருந்தால் மட்டுமே அந்தக் கால வட்டியை அரசு ஏற்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டில் 4 லட்சம் வாங்குகிறீர்கள். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, அடுத்ததற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தனி வட்டியாகக் கணக்கிட்டாலே 1,54,000 ஏறிவிடும். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,54,000. ஏழு ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 9,500. முடியாது, பத்து ஆண்டு வேண்டும் என்றால் மாதம் சுமார் 7,600. பத்து ஆண்டு முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 9 லட்சத்துக்கு மேல்.

இப்போது பையனின் முதல் சம்பளத்தை எண்ணிப் பாருங்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ 20,000 ரூபாய் என்றால், அறை வாடகையும் சாப்பாடும் போக இந்தத் தவணை எங்கிருந்து வரும்? அப்பா கட்டுவார். அப்பா பால் வெட்டுபவர் என்றால், மழை பெய்யும் நாளில் வெட்டு இல்லை. மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போதும் வெட்டு இல்லை. தவணைக்கு மழையும் தெரியாது, இலையுதிர்ச்சியும் தெரியாது. நான் பார்த்தவரை, கெட்டுப்போன கல்விக் கடன்களில் பெரும்பாலானவை சோம்பேறிப் பிள்ளைகளுடையவை அல்ல. நன்றாகப் படித்து, வேலையும் கிடைத்து, முதல் மூன்று ஆண்டுச் சம்பளம் தவணைக்கு எட்டாமல் போனவர்களுடையவை.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பாடப்பிரிவில் அந்தக் கல்லூரியில் படித்து வெளியேறும் நடுத்தர மாணவன் வாங்கும் முதல் ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் கடன் போகக் கூடாது. முதல் மதிப்பெண் வாங்கியவனின் சம்பளம் விளம்பரப் பலகைக்குத்தான் உதவும்.

இன்னொன்று. தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குக் கடன் என்பதே பொது விதி. மேனேஜ்மென்ட் இடம் என்றால் வங்கி இழுக்கும். கல்லூரி ஏஜென்ட் "லோன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால், எந்த வங்கிக் கிளை, எவ்வளவு வட்டி என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூவில் நூறு சதவீதம் வேலை என்று போட்டிருக்கிறார்களே?

எதில் நூறு என்பதைக் கேட்க வேண்டும். வகுப்பில் 60 பேர் இருந்து, அரியர் இல்லாத 22 பேரை மட்டும் தகுதியானவர்கள் என்று பதிந்து, அந்த 22 பேருக்கும் ஏதோ ஓர் அழைப்பு வந்தால் அதுவும் நூறு சதவீதம்தான். ஒரே பையனுக்கு மூன்று நிறுவனங்களின் கடிதம் வந்தால் மூன்று வேலையாகவும் எண்ணுவார்கள். ஆறு மாதப் பயிற்சி வேலையும் அதே பட்டியலில் இருக்கும்.

கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துப் பயனில்லை. கல்லூரிக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்கு மாலை நான்கு மணிக்குப் போங்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசினால் போதும். எத்தனை ஆசிரியர்கள் நடுவில் விட்டுப் போனார்கள், ஆய்வகம் திறந்திருக்குமா, போன ஆண்டு உங்கள் பிரிவில் யார் யாருக்கு எங்கே வேலை என்று கேளுங்கள். ஆசிரியர்கள் அடிக்கடி மாறும் கல்லூரியில் சம்பளம் நேரத்துக்கு வருவதில்லை என்று அர்த்தம். அது வகுப்பறையில் தெரிந்துவிடும்.

கேள்வி: அரசுக் கல்லூரியில் பாடமே நடக்காது என்கிறார்களே?

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். காலிப் பணியிடங்கள் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் அவர்கள் படிப்புக்கு மரியாதை இல்லாத தொகை. கழிப்பறை, குடிநீர் பற்றிய புகார்களும் நியாயமானவை. பணம் கட்டும் கல்லூரியில் வருகைப் பதிவு கறார், பையன் வராவிட்டால் அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசி வரும். தானாகப் படிக்காத பிள்ளைக்கு அந்தக் கண்டிப்பு தேவைப்படலாம். அதை நான் கேலி செய்யவில்லை.

ஆனால் அந்தக் கண்டிப்பின் விலை எவ்வளவு என்று பாருங்கள். அரசு, எய்டட் கல்லூரியில் மிச்சமாகும் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, ஒரு கணினி, போட்டித் தேர்வு வகுப்பு என்று மூன்று ஆண்டும் செலவழித்தாலும் பாதிக்குமேல் கையில் நிற்கும். 'நான் முதல்வன்' திட்டம் 2022 முதல் கல்லூரிகளுக்குள்ளேயே திறன் வகுப்புகளை நடத்துகிறது. அதற்குத் தனிப் பணம் இல்லை. பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதும் சிறிய விஷயம் அல்ல. தனியார் கல்லூரி பஸ்ஸுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்தால் பொறியியல் இலவசமாமே? எங்கள் பிள்ளை சபைப் பள்ளியில் படித்தாள்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை, விடுதிச் செலவு உட்பட, அரசே கட்டும். தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தாலும் அப்படித்தான்.

ஆனால் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருப்பவை சபைகளும் சங்கங்களும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள். பனையேறியின் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் படிப்பது அங்கேதான். ஏழ்மையில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு துளியும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் 7.5 சதவீதத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்றே தொடங்கியது. 2024-இல்தான் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. உங்கள் மகள் படித்தது தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று முதலில் பாருங்கள். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்ற முடிவு, கல்லூரி வாசலில் இவ்வளவு பேசும் என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை.

கேள்வி: எப்போதுதான் தனியாருக்குப் பணம் கொடுக்கலாம்?

நர்சிங். இதை என் மேசையில் வந்த கடன்களை வைத்தே சொல்கிறேன். ஒழுங்காக, பல சமயம் தவணைக் காலத்துக்கு முன்பே அடைபட்ட கடன்களில் முதலிடம் பி.எஸ்சி. நர்சிங் படித்த பெண்களுடையது. அரசு இடங்கள் மிகக் குறைவு. தனியாரில் சேர்வதைத் தவிர வழியில்லை என்ற நிலை பலருக்கு. தூத்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி, மீன் விற்ற பணத்தில் ஒவ்வொரு பருவமும் விடுதிக் கட்டணத்தைச் சில்லறை நோட்டாகக் கொண்டுவந்து வரைவோலை எடுப்பார். நோட்டில் மீன் வாடை அடிக்கும். காசாளர் முகம் சுளித்தால், "இந்த வாடைதான் என் மகளை டவுனுக்கு அனுப்புகிறது தம்பி" என்பார். அவர் மகள் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு உள்ளூரில் அனுபவம் சேர்த்து, தேர்வெழுதி, வளைகுடாவுக்குப் போனாள். பதினான்கு மாதத்தில் கடன் கணக்கு மூடப்பட்டது.

ஆனால் நர்சிங்கிலும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டக் கூடாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும், இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் நடப்பு ஆண்டுக்கு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் சான்றிதழைச் சரிபார்க்கும்போது இவைதான் முன்னால் வரும். கல்லூரிக்கென்று சொந்தமாகவோ அருகிலோ நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதும் முக்கியம். வார்டில் ஆள் இல்லாத மருத்துவமனையில் ஊசி போடப் பொம்மையில்தான் பழக வேண்டும். ஜெர்மனிக்குப் போக வேண்டுமென்றால் ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும்; அந்தச் செலவு கல்லூரிக் கட்டணத்தில் சேராது.

வேறு எப்போது? உண்மையிலேயே நல்ல தனியார் கல்லூரியில், கேட்கப்படும் பாடப்பிரிவில், கவுன்சிலிங் வழியாக இடம் வந்தால் தயங்காமல் சேருங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு வீட்டுக்கு அருகே வசதியுள்ள கல்லூரி தனியாராக இருந்தால் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டாம். சொத்தை விற்காமல், கடன் வாங்காமல் கட்ட முடிகிறவர்களுக்கு என் ஆலோசனை எதற்கு?

கேள்வி: மருத்துவம்?

நீட் மதிப்பெண்தான் பேசும். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் இருக்கிறது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தனியார் மேனேஜ்மென்ட் இடம் என்பது தோப்பை விற்கும் பேச்சு. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால், 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிகளைப் படியுங்கள்: 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார்.

கேள்வி: பாலிடெக்னிக் போனால் மதிப்புக் குறைவா?

யார் மதிப்பில்? கோணம் அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவன் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று ஆண்டு டிப்ளமா, மூன்று ஆண்டு பி.இ., மொத்தம் ஆறு. பிளஸ் டூ வழியில் போனாலும் இரண்டும் நான்கும் ஆறுதான். நடுவில் குடும்பத்தில் ஏதேனும் நேர்ந்தால் டிப்ளமாவோடு வேலைக்குப் போகலாம் என்ற வசதி இதில்தான் உண்டு. பிளஸ் டூ மட்டும் முடித்தவனுக்கு அது இல்லை.

கேள்வி: திருவனந்தபுரத்தில் படிக்கவைக்கலாமா?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே இருந்தோம்! தாத்தாக்கள் பட்டம் வாங்கியது அங்கேதான். இப்போதும் குழித்துறையில் ரயில் ஏறிப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேரளத்தில் அரசு ஒதுக்கீடும் சலுகைகளும் அந்த மாநிலத்தவருக்கு. தமிழ்நாட்டுச் சலுகைகளில் பெரும்பாலானவை உங்களோடு எல்லை தாண்டி வரா. முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் யோசிக்கலாம்.

கேள்வி: பணம் கட்டிச் சேர்த்துவிட்டோம். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. திரும்பக் கேட்டால் தருவார்களா?

கேட்க உரிமை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால், சிறு நடைமுறைச் செலவு போக முழுத் தொகை. 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏ.ஐ.சி.டி.இ.) சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். என் உறவினர் மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஒரு கல்லூரி ஐந்து வாரம் இழுத்தடித்தது. பதிவுத் தபாலில் இந்த அறிவிக்கையின் நகலோடு ஒரு கடிதம் போனது. நான்காம் நாள் "வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

கேள்வி: நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கல்யாணப் பேச்சில் கல்லூரிப் பெயர் வருமே?

வரும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம், 91.75 சதவீதம், என்று மார்தட்டும் மாவட்டம் இது. இங்கே பட்டம் பெரிய செய்தி அல்ல, அதனால் கல்லூரிப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு தந்தை என்னிடம் வெட்கமே இல்லாமல் சொன்னார்: "எட்டு லட்சம் போனால் என்ன சார், பெண் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்." வரதட்சணையை அடமானமாக வைத்துக் கடன் தரும் திட்டம் எங்கள் வங்கியில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் பிள்ளைகளை எங்கே படிக்கவைத்தீர்கள்?

கேட்பீர்கள் என்று தெரியும். மகள் எய்டட் பிரிவில் பி.எஸ்சி. கணிதம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து நான் கட்டிய தொகை, மகனின் ஒரு பருவத்து விடுதிக் கட்டணத்துக்கு வராது. மகன்? தனியார் பொறியியல் கல்லூரி, மேனேஜ்மென்ட் இடம். அவன் அம்மாவும் என் அண்ணனும் ஒரு பக்கம், நான் ஒருவன் மறுபக்கம். தோற்றேன். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்துக் கட்டினேன்.

அவன் இப்போது தோகாவில் இருக்கிறான். வேலைக்கு உதவியது பட்டத்தைவிட, பிறகு சென்னையில் படித்த வெல்டிங் ஆய்வுச் சான்றிதழ்தான். ஆனால் அந்த வேலை இருக்கிறது என்று சொன்னவன் கல்லூரி விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன். "அப்பா, அந்த நண்பனை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?" என்று கேட்கிறான். இன்னும் எனக்கு விடை வரவில்லை.

மகள் போட்டித் தேர்வு எழுதி அரசு வேலையில் இருக்கிறாள். போன ஆண்டு மழைக்கு முன்பு வீட்டுக் கூரை ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது. பணம் அவளிடம்தான் கடன் வாங்கினேன். வட்டி இல்லை, தவணையும் இல்லை. மாதம் முதல் ஞாயிறு மதியம் மீன் குழம்பு வைத்துத் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.